ஓவியத்துக்கு ஸ்கேனர், கணினியில் லினக்ஸ்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது, எப்போது வேறு வாங்குவது

வாட்டர்கலர் போடுகிறவர்கள், பென்சிலில் வரைகிறவர்கள், குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவர்கள் என்று லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் வீட்டில் ஸ்கேனரை ஓடவைத்துக் கொடுப்பது எனக்குப் பல வருட வழக்கம். திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய இதே பத்துக் கோளாறுதான். பாதி, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். மீதிப் பாதி, ஸ்கேனர் வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது. பெட்டியின் மேல் 4800 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு அத்தனை புள்ளி) என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியிருப்பார்கள். உள்ளே எந்த வகை சென்சார், லினக்ஸில் எந்த பேக்கெண்ட் (ஸ்கேனரை இயக்கும் மென்பொருள்) அதை ஓட்டும் என்ற இரண்டையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் இதைக் கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். இன்னும் ஸ்கேனர் வாங்காதவர்கள் மங்கல், நிறம் பற்றிய பகுதிகளைப் படித்துவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போகலாம்.

## ஸ்கேனரே கணினிக்குத் தெரியவில்லை

முதலில் கேபிள். ஹப்பில் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்க போர்ட் வேண்டாம், பின்பக்கம் மதர்போர்டில் இருக்கும் போர்ட். மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பவை, ஹப் பலவீனமாக இருந்தால் விளக்கு எரியும், ஸ்கேனர் பேசாது. தனி அடாப்டர் உள்ள ஸ்கேனர் என்றால் அந்த அடாப்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் டெர்மினலைத் திறந்து, யுஎஸ்பியில் செருகியிருப்பவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை ஓட்டுங்கள்.

பட்டியலில் ஸ்கேனர் இல்லை: கேபிளை மாற்றுங்கள், வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஸ்கேனரின் போர்டு அல்லது யுஎஸ்பி துளை போய்விட்டது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகலாம். விலை குறைந்த மெல்லிய ஸ்கேனருக்குப் போர்டு மாற்றுவதில் அர்த்தமில்லை.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஸ்கேன் புரோகிராம் காணவில்லை என்கிறது: இங்கேதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்கேன்இமேஜ் கட்டளையை, சிறுகோடும் பெரிய எழுத்து எல்லும் சேர்த்து ஓட்டுங்கள். அதில் வந்தால்தான் சேன் அந்த ஸ்கேனரை ஓட்டும். லினக்ஸில் ஸ்கேனர்களைக் கையாளும் பொதுவான அடுக்குக்குப் பெயர் சேன், அதன் கீழே ஒவ்வொரு ஸ்கேனர் குடும்பத்துக்கும் ஒரு பேக்கெண்ட். சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர் என்று இன்னொரு கட்டளை உண்டு, அதில் ஸ்கேனர் தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். ஏதோ ஒன்று செருகியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். லேப்டாப்பில் ஸ்கேன்இமேஜ் பட்டியலில் "வி4எல்" என்று தொடங்கும் ஒரு வரி வந்தால் அது உங்கள் வெப்கேம். அதை ஸ்கேனர் என்று நினைத்து ஒரு மாலை முழுக்கப் போராடிய நண்பர் ஒருவர் உண்டு.

எதுவும் வரவில்லை என்றால் அதே கட்டளையை முன்னால் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அனுமதியோடு, ஓட்டுங்கள். சூடோவில் வருகிறது, சாதாரணமாக வரவில்லை என்றால் அனுமதிப் பிரச்சினை. டெபியன், உபுண்டு வகையில் உங்கள் பயனர் கணக்கை ஸ்கேனர் என்ற குழுவில் சேருங்கள், லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். தினமும் சூடோவில் ஸ்கேன் செய்யும் பழக்கம் வேண்டாம். கோப்புகளெல்லாம் ரூட் என்ற நிர்வாகி பெயரில் உட்கார்ந்துகொள்ளும்.

சூடோவிலும் வரவில்லை என்றால் சேன் தளத்தில் இருக்கும் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடுங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள், எல்எஸ்யுஎஸ்பி காட்டும் எட்டு இலக்க அடையாளத்தை வைத்துத் தேடுங்கள். அதன் முதல் பாதி நிறுவனத்துக்கு உரியது, எப்சன் என்றால் 04பி8, கேனன் என்றால் 04ஏ9. பட்டியலில் கம்ப்ளீட், குட் என்றிருந்தால் உங்கள் கணினியில்தான் ஏதோ குறை. மினிமல், அன்டெஸ்டட் என்றிருந்தால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அன்சப்போர்ட்டட் என்றால் இரண்டே வழி: நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருளை முயல்வது. அது திறந்தமூல மென்பொருள் கிடையாது, ஆனால் பல பழைய ஸ்கேனர்களுக்குத் தன் சொந்த டிரைவரோடு வருகிறது. காசு கட்டும் முன் இலவச முயற்சிப் பதிப்பில் உங்கள் ஸ்கேனர் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நிறுவனத்தின் டிரைவரை நிறுவியும் வரவில்லை: மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, டிரைவர் தன் கோப்பை யுஎஸ்ஆர், லிப்64, சேன் என்ற ஃபோல்டரில் போட்டிருக்கும், உங்கள் உபுண்டுவோ லிப்புக்கு அடியில் எக்ஸ்86-64 என்று தொடங்கும் ஃபோல்டருக்குள் இருக்கும் சேனில் தேடும். அங்கிருந்து இங்கே ஒரு சிம்லிங்க் (கோப்புக்கான குறுக்குவழி) போட்டால் தீர்ந்தது. இரண்டு, ஸ்கேன் புரோகிராமை ஃபிளாட்பேக்காக, அதாவது தனக்கு வேண்டியதெல்லாம் தன்னுள்ளேயே வைத்திருக்கும் தொகுப்பாக, நிறுவியிருப்பீர்கள். அது தன்னோடு தனி சேனைக் கொண்டுவரும், வெளியே நீங்கள் போட்ட டிரைவரை எட்டிப் பார்க்காது. உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு, டெபியன் போன்றது) சொந்தக் களஞ்சியத்திலிருந்து அதே புரோகிராமை நிறுவுங்கள். மூன்றாவது, ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் கணினி. நிறுவனங்கள் தரும் டிரைவர்கள் பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு மட்டும்தான் வரும். மூடிய நிரல் என்பதால் நாமே மாற்றிக் கட்டவும் முடியாது. இந்த நிலையில் நேரத்தை வீணாக்காமல் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## முதல் ஸ்கேன் வருகிறது, இரண்டாவது தொங்கிவிடுகிறது

கேபிளைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி ஒரு ஸ்கேன் மட்டும் வரும். பழைய ஸ்கேனரும் புதிய கணினியும் சேர்ந்த இடத்தில் இது அடிக்கடி நடக்கும்.

யுஎஸ்பி 2 போர்ட் இருந்தால் அதில் மாற்றுங்கள். இல்லையென்றால் சேன், யுஎஸ்பி, ஒர்க்கரவுண்ட் என்ற மூன்று சொற்களைப் பெரிய எழுத்தில் அடிக்கோட்டால் இணைத்தால் வரும் சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து, அதே டெர்மினலிலிருந்து ஸ்கேன் புரோகிராமைத் திறங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டில் இப்படித் தொங்குவதற்காகவே சேனில் வைத்த சாவி இது. வேலை செய்தால் உங்கள் ப்ரொஃபைல் கோப்பில் நிரந்தரமாகப் போட்டுவிடலாம்.

லேப்டாப்பில் டிஎல்பி மாதிரி மின்சேமிப்பு மென்பொருள் இருந்தால் அதுவும் காரணமாக இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்த ஸ்கேனரை அது தூங்கவைத்துவிடும், ஸ்கேனர் எழுந்திருக்காது. அதன் அமைப்புக் கோப்பில் யுஎஸ்பி விலக்குப் பட்டியலில் உங்கள் ஸ்கேனரின் அடையாள எண்ணைச் சேருங்கள்.

## ஒரே ஸ்கேனர் மூன்று பெயரில் வருகிறது, அல்லது ரெசல்யூஷன் 300, 600க்கு மேல் போகவில்லை

பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த ஆல்-இன்-ஒன் பெட்டிகளில்தான் இது. புதிய டெபியன், உபுண்டுவில் ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை பின்னணியில் ஓடும். அது அந்தப் பெட்டியை யுஎஸ்பியிலேயே நெட்வொர்க் சாதனம் போல மாற்றிக் கொடுத்துவிடும், டிரைவர் இல்லாமலே ஸ்கேன் ஆகும். பில்லும் சான்றிதழும் ஸ்கேன் செய்ய அது போதும். ஆனால் அந்த வழியில் பெட்டி எந்த அளவுகளைத் தருவதாகச் சொல்கிறதோ அவை மட்டும்தான் கிடைக்கும், நிறக் கட்டுப்பாடுகளும் சுருங்கிப்போகும்.

ஸ்கேன் புரோகிராமில் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஈஎஸ்சிஎல், ஏர்ஸ்கேன் என்று தொடங்குவதை விட்டுவிட்டு, பிக்ஸ்மா, எப்சன்2 என்பது போல நிறுவனத்துக்கே உரிய பேக்கெண்ட் பெயரோடு வருவதை எடுங்கள். அது பட்டியலில் வந்தும் திறக்க மாட்டேன் என்றால் ஐபிபி-யுஎஸ்பி சாதனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சேவையைத் தற்காலிகமாக நிறுத்தி, கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பிரிண்ட் அதே வழியில் போகிறது என்றால் வேலை முடிந்ததும் சேவையைத் திரும்பத் தொடங்க மறக்காதீர்கள்.

## பெரிய ஸ்கேன் பாதியில் நிற்கிறது, புரோகிராம் மூடிக்கொள்கிறது

கணக்கைப் பாருங்கள். ஏ4 அளவை 300 டிபிஐயில் எடுத்தால் 2480 க்கு 3508 பிக்சல், சுமார் 26 எம்பி. 600இல் நாலு மடங்கு, 104 எம்பி. 1200 டிபிஐயில், ஒரு நிறத்துக்கு 16 பிட் என்று வைத்தால் 830 எம்பியைத் தாண்டும். எக்ஸ்சேன் போன்ற ஸ்கேன் புரோகிராம் இதை முதலில் டிஎம்பி என்ற தற்காலிக ஃபோல்டரில் எழுதும், பல விநியோகங்களில் டிஎம்பி இருப்பது ராமில். ராம் 4 ஜிபி உள்ள லேப்டாப்பில் பிரவுசரும் படம் திருத்தும் கிம்ப்பும் திறந்திருந்தால் இடம் எங்கே இருக்கும்?

எக்ஸ்சேன் அமைப்புகளில் தற்காலிக ஃபோல்டரை உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். அதைவிட முக்கியம், அவ்வளவு டிபிஐ தேவையா என்று கேட்டுக்கொள்வது. வரைந்த அதே அளவில் அச்சிட 300 போதும், இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சிட 600. ஓவியத்தின் ஒரு ஓரத்தை 600இலும் 1200இலும் எடுத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1200இல் புதிதாக ஒரு தூரிகை முடிக்கோடு கூடத் தெரியவில்லை என்றால் 600இலேயே இருங்கள். நான் பார்த்தவரை காகிதத்தில் வரைந்த ஓவியத்துக்கு 600க்கு மேல் தேவைப்பட்டது அபூர்வம், அஞ்சல்தலை அளவுக்கு வரைந்த நுண்ணிய பேனா வேலை மாதிரி சிலதுக்குத்தான்.

## ஓவியத்தின் ஒரு பகுதி கூர்மை, இன்னொரு பகுதி மங்கல்

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். காசு கொட்டாமல் இதைச் சரிசெய்ய ஒரு எல்லை உண்டு, அந்த எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் கீழே உள்ள சோதனை.

முதலில் சுலபமானது. கண்ணாடியைத் துடையுங்கள். மூடியை மூடி, அதன் மேல் சமமாக ஒரு பெரிய புத்தகத்தை வையுங்கள். ஒரு மூலையில் மட்டும் பாரம் ஏற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். மங்கலான பகுதி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் காகிதம் கண்ணாடியைத் தொடாமல் எழும்பி நிற்பதுதான் காரணம்.

வாட்டர்கலர் காகிதம் ஈரம் பட்டதும் அலை அலையாக நெளியும். அதைத் தட்டையாக்க, ஓவியத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் மட்டும் மிக லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலும் கீழும் சுத்தமான உறிஞ்சுதாள் வைத்துக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். முன்பக்கம் தண்ணீரில் கரையும் மசியோ கட்டியாகப் போட்ட குவாஷோ இருந்தால் இதைச் செய்யவே கூடாது. எதற்கும் கழித்துப்போட்ட ஒரு தாளில் முதலில் முயன்று பாருங்கள்.

தட்டையாக்கியும் சில இடங்கள் மங்கலாகவே இருக்கின்றனவா? இப்போது சோதனை. ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து, ஒரு முனை கண்ணாடியில் படும்படியும் மறுமுனைக்கு அடியில் மூன்று நாணயங்கள் அடுக்கியும் சாய்வாக வையுங்கள். மூடியைத் திறந்தபடியே, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். மில்லிமீட்டர் கோடுகள் எங்கே கலங்க ஆரம்பிக்கின்றன என்று பாருங்கள். கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் எழும்பியதுமே கலங்கினால் உங்களுடையது சிஐஎஸ் ஸ்கேனர், சென்சார் கண்ணாடிக்கு ஒட்டியே இருக்கும் வகை. நாணயம் வரைக்கும் கோடுகள் படிக்கும்படி இருந்தால் சிசிடி, உள்ளே நிலைக்கண்ணாடிகளும் லென்ஸும் வழியாகப் பார்க்கும் வகை. வெளியே பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்: கை அகலத் தடிமன் கூட இல்லாமல் இலேசாக, யுஎஸ்பி கேபிள் ஒன்றே வருகிறதென்றால் சிஐஎஸ், கனமாக, உயரமாக, தனி அடாப்டரோடு வந்தால் பெரும்பாலும் சிசிடி.

சிஐஎஸ் ஸ்கேனரில் நெளிந்த காகிதத்தை எந்த மென்பொருளும் கூர்மையாக்காது. ஷார்ப்பன் செய்தால் மங்கலான பகுதியில் பொய்க்கோடுகள்தான் வரும். தட்டையான காகிதத்தில் பேனா, பென்சில், டிஜிட்டலுக்கான கோட்டு வரைவு என்றால் சிஐஎஸ் தாராளமாகப் போதும், நல்ல கூர்மையாகவே எடுக்கும். வாட்டர்கலர், ஒட்டுவேலை, துணி, மவுண்ட் செய்த படம், கண்ணாடியில் படக்கூடாத சார்கோலும் பாஸ்டலும் என்றால் சிசிடிக்கு மாறுவது ஒன்றுதான் தீர்வு. சிசிடி இருந்தால், 2 மில்லிமீட்டர் அட்டையில் சட்டம் வெட்டி, பாஸ்டல் ஓவியம் கண்ணாடியில் உரசாமல் அதன் மேல் வைத்தும் எடுக்கலாம்.

## மெல்லிய வாஷ் காணாமல் போகிறது, நிறம் வேறாக இருக்கிறது

மனசைக் கஷ்டப்படுத்தும் கோளாறு இது. வானத்துக்கு மூன்று அடுக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்ட வெளிர்நீலம் ஸ்கேனில் வெறும் வெள்ளையாக வந்து நிற்கும்.

முதலில் நிலை எது என்று பாருங்கள். சிம்பிள் ஸ்கேன் என்ற புரோகிராமில் டெக்ஸ்ட் என்று வைத்திருந்தால் நிறமே வராது, இமேஜ் என்று மாற்றுங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் நடுவில் இருக்கட்டும். எக்ஸ்சேனில் காமா 1.0, பிரைட்னஸ் 0, கான்ட்ராஸ்ட் 0 என்று வைத்துவிட்டு, தானியங்கித் திருத்தப் பொத்தானைத் தொடாதீர்கள். காகிதத்தை "வெள்ளை" ஆக்குவதுதான் அந்தப் பொத்தானின் வேலை, காகிதத்தோடு சேர்த்து வெளிர்நீலத்தையும் வெளுத்துவிடும். சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம், டிஃப் அல்லது பிஎன்ஜி.

அடுத்தது எண்ணைப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். கிம்ப்பில் ஸ்கேனைத் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் வெறும் காகிதப் பகுதியைத் தொடுங்கள். மூன்று எண்ணும் 255 என்றால் வெளிச்சம் அதிகமாகி விவரம் அழிந்துவிட்டது. அதைப் பிறகு மீட்க முடியாது, மறுபடி ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். 235, 245 வாக்கில் இருந்தால் விவரம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, பிறகு கர்வ்ஸில் இழுத்துக்கொள்ளலாம். ஸ்கேனர் 16 பிட் தருமென்றால் அதில் எடுங்கள், கிம்ப் 2.10 முதல் அதைத் தாங்கும், கிரிட்டாவும் தாங்கும்.

எண் சரி, ஆனாலும் நிறம் தப்பாகத் தெரிகிறது: மலிவான லேப்டாப் திரையில் பார்த்து ஸ்கேனரைக் குறைசொல்கிறவர்கள் அதிகம். வேறொரு திரையிலும் ஒரு ஃபோனிலும் திறந்து பாருங்கள். மூன்றிலும் மூன்று மாதிரி தெரிந்தால் முதலில் திரையைத்தான் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) ஒன்றும் டிஸ்ப்ளேகேல் மென்பொருளும் போதும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கலரிமீட்டர் வாங்கலாம், தினமும் தேவைப்படும் பொருள் இல்லை.

எல்லாத் திரையிலும் ஒரே மாதிரித் தப்பு: இப்போதுதான் ஸ்கேனருக்கு நிறச் சுயவிவரம், அதாவது அது நிறங்களை எப்படிப் பதிகிறது என்று சொல்லும் கோப்பு, தேவை. ஐடி8 என்ற நிறக்கட்டங்கள் அச்சிட்ட அட்டை, அதன் அளவுக் கோப்போடு விற்கிறது. ஓவியத்துக்கு வைக்கும் அதே அமைப்புகளில் அட்டையை ஸ்கேன் செய்து, ஆர்கில் சிஎம்எஸ் தொகுப்பில் உள்ள ஸ்கேன்இன் கட்டளையால் கட்டங்களைப் படித்து, கோல்ப்ரோஃப் கட்டளையால் சுயவிவரம் உருவாக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கிம்ப்பில் முதலில் அசைன் (அந்தச் சுயவிவரத்தைப் படத்தோடு சேர்ப்பது), அப்புறம் கன்வெர்ட் (வழக்கமான சுயவிவரத்துக்கு மாற்றுவது). வரிசையை மாற்றினால் நிறம் கெட்டுவிடும். காமாவை ஒருமுறை மாற்றினாலும் அந்தச் சுயவிவரம் செல்லாது, அதனால்தான் காமாவை 1.0இலும் மற்றவற்றைப் பூஜ்யத்திலும் வைக்கச் சொன்னேன்.

சிலவற்றை எதுவும் தீர்க்காது. ஒளிரும் பிங்க், ஓபரா ரோஸ் மாதிரி வண்ணங்களில் உள்ள ஒளிர்வைத் திரையே காட்டாது. தங்கத் தாளும் அப்படித்தான்: ஸ்கேனரின் விளக்கு சாய்வாக அடிப்பதால் பளபளப்பு சென்சாருக்குப் போகாமல் வேறு பக்கம் போய்விடும், தங்கம் அழுக்குப் பழுப்பாக, சில இடத்தில் கறுப்பாக வரும். தஞ்சாவூர் ஓவியத்தை ஸ்கேனரில் வைக்கவே வைக்காதீர்கள். தங்கம் கெட்டு வருவது ஒருபக்கம், மாக்கட்டு எடுத்த மேடும் பதித்த கற்களும் கண்ணாடியில் அழுந்தி உடையும். அதற்கு ஓவியங்களைப் படம் எடுத்துப் பழகிய புகைப்படக்காரரிடம்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, தங்கத்துக்குத் தனியாக ஒளி காட்டி எடுப்பார்.

## காகிதத்தின் சொரசொரப்பு ஓவியத்தை விடத் தூக்கலாகத் தெரிகிறது

விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடிக்கிறது, காகித மேடுகளின் நிழல் விழுகிறது. ஓவியத்தை 90 டிகிரி திருப்பி ஸ்கேன் செய்து பாருங்கள், சில காகிதங்களில் அதிலேயே குறையும். குறையவில்லை என்றால் நேராக ஒன்று, 180 டிகிரி திருப்பி ஒன்று என இரண்டு எடுத்து, கிம்ப்பில் இரண்டாவதைத் திருப்பிப் பிக்சல் பிசகாமல் பொருத்தி, மேல் அடுக்கின் ஒபாசிட்டியை 50 ஆக்குங்கள். எதிரெதிர் நிழல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். நேரம் பிடிக்கும் வேலை, அட்டைப்படத்துக்குப் போகும் ஓவியம் என்றால் அதற்குத் தகும்.

மெல்லிய தாளில் பின்பக்க வரைவு ஊடுருவித் தெரிந்தால் ஓவியத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள், அவ்வளவுதான்.

## ஸ்கேன் நெடுக ஒரு கோடு

ஸ்கேன் தலை நகரும் திசையில், மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக ஓடும் கோடு. ஓவியத்தை இடம் மாற்றி வைத்து எடுங்கள். கோடு ஓவியத்தோடு நகர்ந்தால் அது ஓவியத்தில் இருப்பது. அதே இடத்தில் நின்றால் ஸ்கேனரில்.

மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுக் கண்ணாடியைத் துடையுங்கள். துணியில்தான் விட வேண்டும், கண்ணாடியில் நேராக ஊற்றினால் ஓரம் வழியே உள்ளே இறங்கிவிடும். ஸ்கேன் தொடங்கும் முனையையும் நன்றாகத் துடையுங்கள். ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் வெள்ளைப் பட்டை அந்த முனையில்தான் உள்ளே இருக்கிறது, அங்கே ஒரு தூசி நின்றாலும் அது முழுநீளக் கோடாக வரும்.

ஜெனிசிஸ் பேக்கெண்டில் ஓடும் ஸ்கேனர் என்றால், துடைத்த பிறகும் பழைய கோடே வரலாம். அது தன் அளவுத்திருத்தத்தை ஹோமில் புள்ளியோடு தொடங்கும் சேன் என்ற மறைந்த ஃபோல்டரில் எழுதி வைத்துக்கொள்ளும். அங்கே சிஏஎல் என்று முடியும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். இதைத் தெரியாமல் நல்ல ஸ்கேனரைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடியின் உள்பக்கம் பனிபோல் மூடியிருக்கிறது, சிலந்திவலை மாதிரி பூஞ்சை தெரிகிறது என்றால் ஈரப்பதம். கடலோர ஊர்களில், மழைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூக்கள் தெரியும் மாடல் என்றால் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி உள்பக்கம் துடைக்கலாம். சிசிடியில் உள்ளே இருக்கும் நிலைக்கண்ணாடிகளைத் தொடாதீர்கள், அவற்றின் பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால் துணி பட்டாலே கீறும். அங்கேயும் பூஞ்சை என்றால் சர்வீஸ் கடை. இதையெல்லாம் செய்தும் ஒரே ஒரு மெல்லிய கோடு நின்றால் சென்சாரில் ஒரு புள்ளி செத்துவிட்டது, மெல்லிய ஸ்கேனரில் அதோடு முடிந்தது.

## கடகட, கரகர சத்தம்

உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள், அப்புறம் யோசிக்கலாம். பழைய சிசிடி ஸ்கேனர்களில் எடுத்துச்செல்லும்போது தலை ஆடாமல் இருக்க அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு பூட்டு இருக்கும். வீடு மாறி வந்தவர்கள் அதைத் திறக்க மறந்திருப்பார்கள். திறந்துவிட்டு, அணைத்து, மறுபடி போடுங்கள்.

பூட்டு திறந்திருந்தும் சத்தம் வந்தால், லினக்ஸில் மட்டும்தான் வருகிறதா என்று விண்டோஸ் கணினி ஒன்றில் சோதியுங்கள். லினக்ஸில் மட்டும் என்றால் பேக்கெண்ட் உங்கள் மாடலை முழுதாக அறியவில்லை, தலையைச் சுவரில் கொண்டுபோய் முட்டுகிறது. தொடர்ந்து ஓட்டினால் பல்சக்கரம் போகும். இரண்டிலும் வந்தால் பெல்ட் அல்லது மோட்டார். ஏ3 ஸ்கேனர், விலை உயர்ந்த சிசிடி என்றால் பழுது பார்ப்பதில் அர்த்தம் உண்டு, மற்றவற்றில் இல்லை.

## ஓவியம் கண்ணாடியை விடப் பெரிது

ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி 216 க்கு 297 மில்லிமீட்டர். ஏ3 தாளைத் துண்டு துண்டாக எடுத்து, படங்களை இணைக்கும் ஹியூகின் மென்பொருளில் ஒட்டலாம். ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்காவது மேலேறி வரட்டும். கழற்றக்கூடிய மூடி என்றால் கழற்றிவிடுங்கள், தாள் மடியாது. தானியங்கித் திருத்தம் எதுவும் கூடாது, துண்டுக்குத் துண்டு நிறம் மாறும். வசதிக்காக ஒரு துண்டை மட்டும் தலைகீழாக வைத்து எடுக்காதீர்கள், நிழல் எதிர்ப்பக்கம் விழுந்து ஒட்டிய இடம் தெரியும்.

ஹியூகின் இதை ஒரு பனோரமா என்று நினைக்கும். பார்வைக் கோணம் 10 டிகிரி, ரெக்டிலீனியர் என்று கொடுத்து, சாய்வையும் இட நகர்வையும் மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒட்டிய கோடு வளைந்து வந்தால் காகிதம் ஏதோ ஒரு துண்டில் எழும்பியிருந்திருக்கிறது.

ஆறு துண்டுக்கு மேல் போகும் ஓவியம், கித்தானில் வரைந்தது, கண்ணாடியில் கவிழ்க்க மனம் வராத பழைய ஓவியம் இவற்றுக்குப் புகைப்படக்காரர்தான். வருடத்துக்கு நாலைந்து பெரிய ஓவியம் மட்டும் என்றால் அவருக்குக் கொடுப்பது ஏ3 ஸ்கேனர் வாங்குவதை விட எவ்வளவோ மலிவு.

## எதுவும் ஒத்துவரவில்லை, வேறு வாங்கத்தான் வேண்டும்

மேலே உங்களுக்கு வந்த கோளாறு எது என்பதே எதை வாங்குவது என்று சொல்லிவிடும்.

தட்டையான தாளில் கோட்டு வேலை, செலவு குறைவாக வேண்டும்: சிஐஎஸ். கேனன் லைடு 300, 400 இரண்டும் சேனின் பிக்ஸ்மா பேக்கெண்டில் ஓடுகின்றன, மூடிய டிரைவர் எதுவும் தேவையில்லை. லைடு என்ற பெயரை மட்டும் பார்த்துப் பழைய மாடலை எடுத்துவிடாதீர்கள். லைடு 25 ஓடுவது பிளஸ்டெக் பேக்கெண்டில், 35 ஜெனிசிஸில், 70க்குத் தனியே ஒன்று. ஒரே குடும்பப் பெயர், உள்ளே வேறு வேறு சில்லு. அதே மாதிரி பிளஸ்டெக் என்ற பேக்கெண்ட் இருப்பதால் அந்த நிறுவனத்தின் புதிய ஸ்கேனர் எல்லாம் ஓடும் என்று நினைக்கவும் கூடாது, அது குறிப்பிட்ட ஒரு சில்லு வரிசை கொண்ட பழைய மாடல்களுக்கானது. எப்சன் வி39க்கு எப்சன் ஸ்கேன் 2 மென்பொருளும் அதோடு ஒரு மூடிய ப்ளகினும் வேண்டும். இன்டெல் கணினி என்றால் பரவாயில்லை, ராஸ்பெர்ரி பை என்றால் விட்டுவிடுங்கள்.

வாட்டர்கலர், ஒட்டுவேலை, பாஸ்டல்: சிசிடி. எப்சன் வி600 நல்ல சிசிடி, ஆனால் அதற்கும் நிறுவனத்தின் மூடிய ப்ளகின் வேண்டும். வி700, வி750, வி800, வி850 வரிசையை எப்சன்2 பேக்கெண்டே ஓட்டும். விலை அதிகம், ஃபிலிமும் ஸ்கேன் செய்கிறவர்களுக்குத் தகும். கேனன் 9000எஃப் வகையும் சிசிடிதான், பிக்ஸ்மாவில் ஓடும், இப்போது பழைய பொருள் சந்தையில்தான் தேட வேண்டும். என்னைக் கேட்டால், வாட்டர்கலர் போடுகிறவருக்குப் புதிய மெல்லிய ஸ்கேனரை விடப் பத்து வருடப் பழைய சிசிடி மேல், உள்ளே பூஞ்சை இல்லாமல் இருந்தால்.

ஏ3: எப்சன் எக்ஸ்பிரஷன் 10000எக்ஸ்எல், 310 க்கு 437 மில்லிமீட்டர் கண்ணாடி, எப்சன்2 பேக்கெண்ட். மேசை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து பெரிய படம் போடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓரிடத்தில் வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

பழையதோ புதியதோ, காசு கொடுக்கும் முன் சோதிக்க முடிந்தால் சோதியுங்கள். லினக்ஸ் மின்ட் போட்ட, கணினியில் நிறுவாமலே ஓடும் லைவ் பென்டிரைவ் ஒன்றும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு போங்கள், அதிலேயே ஸ்கேன் புரோகிராம் இருக்கிறது. எல்எஸ்யுஎஸ்பி அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்கேன்இமேஜ் பட்டியலில் எந்த பேக்கெண்ட் வருகிறது என்று பாருங்கள். மூடிய ப்ளகின் தேவைப்படும் மாடல் என்றால் அந்தத் தொகுப்பை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். அப்புறம் வீட்டிலிருந்து கொண்டுபோன, நன்றாக நெளிந்த ஒரு வாட்டர்கலர் தாளை வைத்து 600 டிபிஐயில் ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இரண்டாவது ஸ்கேனும் தொங்காமல் வந்து, நெளிவின் மேட்டிலும் பள்ளத்திலும் பென்சில் கோடு தெளிவாக இருந்தால் விலை பேசுங்கள்.